நாலு விரல் நீளமான கார்

அந்தப் பட்டறையில் எந்தக் காரும் இஞ்சினிலிருந்து தொடங்கியதில்லை. அளவக்கா வந்து உட்கார்ந்த பிறகுதான் தொடங்கும்.

தகரக் கூரை போட்ட நீளமான ஷெட். நடுவில் ஓர் இரும்பு மேசை. காரின் அடிச்சட்டத்துக்கான முதல் நான்கு குழாய்களை அதன்மேல் பரப்பி, குறுக்கே ஒரு பலகையைப் போடுவார்கள். அவள் ஏறி உட்கார்ந்து, காலை நீட்டி, ஒரு ஸ்டியரிங்கை வெறும் காற்றில் பிடித்துக்கொள்வாள். அவள் கணவர் சாக்பீஸும் டேப்புமாக அவளைச் சுற்றிச் சுற்றி வருவார். முட்டி எங்கே உயர்கிறது, முழங்கை எங்கே இடிக்கிறது, தோள் எங்கே முடிகிறது என்று பார்த்துப் பார்த்துக் கோடு போடுவார். அந்தக் கோடுகளைச் சுற்றித்தான் குழாய்கள் வெட்டப்படும், வளைக்கப்படும், பற்ற வைக்கப்படும். அதனால்தான் அவளுக்குப் பட்டறையில் அந்தப் பெயர். சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்காவது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம். அவளுடைய கணவர்தான் சம்பளம் போடுகிறவர்.

அவர்கள் கட்டியது பந்தயக் கார்கள். ஒரே ஓர் ஆள் உட்காரக்கூடிய, நான்கு சக்கரங்களும் உடம்புக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கிற வகை. தேசிய சாம்பியன்ஷிப் தொடங்கிய காலத்தில் யார் வேண்டுமானாலும் ஒரு காரைக் கட்டிக்கொண்டு வரலாம். பழைய குடும்பக் காரின் இஞ்சினைக் கழற்றி, தண்ணீர்க் குழாய் மாதிரி எதையாவது பற்றவைத்து ஓட்டிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. இஞ்சின் முதலில் ஓட்டுபவருக்கு முன்னால் இருந்தது. பிறகு யாரோ ஒருவர் பின்னால் தூக்கி வைத்து ஜெயித்தார். அடுத்த வருடமே எல்லோரும் தூக்கி வைத்தார்கள். ஒருவர் மூக்கில் இறக்கை பொருத்தினார்; எல்லோர் மூக்கிலும் இறக்கை முளைத்தது. ஒருவர் செய்வதை மற்றவர் கள்ளப்பார்வை பார்த்துத்தான் இந்தத் தொழில் வளர்ந்தது. கொஞ்ச காலத்தில் பெரிய தொழிற்சாலைக்காரர்கள் வந்தார்கள். அதன் பிறகு பட்டம் பெரும்பாலும் அவர்கள் வீட்டுக்குத்தான் போனது. இவர்களைப் போன்ற பட்டறைக்காரர்கள் அவ்வப்போது இரண்டாவது, மூன்றாவது வந்து, அதைப் பற்றியே ஒரு வருடம் பேசிக்கொண்டிருப்பார்கள்.

அளவக்கா இந்தத் தொழிலுக்குள் வந்ததே ஒரு வாய்த்துடுக்கால்தான். அவளுடைய அப்பா கார்களுக்கு சீட் கவர் தைக்கிற கடை வைத்திருந்தார். ஒருநாள் ஆறடிக்கு மேல் வளர்ந்த ஓர் ஆள் வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்து, ஒற்றை ஆள் காருக்கு சீட் வேண்டும் என்றார். பெண்டாட்டி வந்தால் எங்கே உட்காருவாள் என்று அப்பா கேட்டார். கார் கட்டவே நேரம் சரியாக இருக்கிறது, பொண்ணு பார்க்க எங்கே நேரம் என்று அந்த ஆள் சம்பந்தமில்லாமல் ஏதோ உளறினார். அளவெடுக்க மகள்தான் பட்டறைக்குப் போனாள். சட்டத்துக்குள் உட்கார்ந்து பார்த்தாள். முட்டி நேராக ஸ்டியரிங்கில் போய் முட்டியது.

"இந்த வண்டிய ஓட்டப் போறவருக்கு முட்டியே கிடையாதா?" என்று கேட்டாள்.

அந்த ஆளின் அவ்வளவு பெரிய உடம்பு அந்தச் சட்டத்துக்குள் நுழையாது என்பதால் அவர் அதில் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. கண்ணால் பார்த்துத்தான் கட்டியிருந்தார். அவள் எழுந்து போவதற்குள் ரம்பத்தை எடுத்து, ஸ்டியரிங்கைத் தாங்கும் முன்வளைவை அறுக்க ஆரம்பித்துவிட்டார். நாம் சொன்னதற்காக ஒரு மனுஷன் இரும்பையே அறுக்கிறானே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. கல்யாணம் முடிவதற்கு அந்த ஆச்சரியமே போதுமானதாக இருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் இருப்பிடம் பட்டறைதான். ஷெட்டின் ஓர் ஓரத்தில் தையல் மெஷின், அதற்குப் பின்னால் ஒரு கதவு, கதவுக்கு அந்தப் பக்கம் வீடு. சமையலறையில் குக்கர் கத்துகிறதா, ஷெட்டில் கிரைண்டர் கத்துகிறதா என்று தெரியாது. அவளுடைய உடம்பு, ஓட்டுபவர்களில் பெரும்பாலானவர்களின் உடம்பைப் போலவே நடுத்தரம். அவளுக்குப் பொருந்தினால் அவர்களுக்கும் பொருந்தும். அந்தப் பட்டறைக் காரில் கடைசிச் சுற்றிலும் முதுகு வலிக்காது என்று ஒரு பேர் கிடைத்திருந்தது. அந்தப் பேர் முழுக்க அவளுடைய முதுகு சம்பாதித்தது.

குழந்தை மட்டும் தங்கவில்லை. இரண்டு முறை உண்டாகி இரண்டு முறையும் கலைந்துபோனது. முதல் முறை நாள் தள்ளிப்போனது தெரிந்த உடனேயே அவர் கார்ச் சட்டத்துக்கு வாங்கிய குழாயில் ஒரு தொட்டில் கட்டிவிட்டார். குழந்தை விழாமல் இருக்க மூலைக்கு மூலை முக்கோணத் தாங்கிகள் வேறு. அது லாரி மோதினாலும் நசுங்காது என்று சைலன்சர் சொன்னான். சைலன்சர்தான் இஞ்சின் வேலை பார்க்கிறவன். வாயை மூடவே மாட்டான். ஒரு சைலன்சர் பொருத்தினால் தேவலை என்று எல்லோரும் நினைத்ததால் வந்த பெயர். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வெறுங்கையோடு திரும்பிய மறுநாள், கணவர் தொட்டிலைத் துண்டு துண்டாக அறுத்து, குழாய்களைப் பழையபடி அலமாரியில் அடுக்கினார். அன்றைக்கு சைலன்சர் பேசவில்லை. இரண்டாம் முறை அவர் தொட்டில் கட்டவில்லை. கலைந்த பிறகு ரொம்ப நாள் ஷெட்டில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, கையில் கிடைத்த குழாயைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துருவே இல்லாத குழாய்.

மூன்றாம் முறை உண்டானபோது அவள் சொல்லவில்லை.

டாக்டரம்மாவைத் தனியாகப் போய்ப் பார்த்தாள். மாத்திரையைத் தையல் நூல் டப்பாவுக்குள் வைத்துக்கொண்டாள். தான் பயப்படுவது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. அவர் ஆசைப்பட்டு, பிறகு குழாய் துடைப்பதை மட்டும் இன்னொரு முறை பார்க்க முடியாது என்று தோன்றியது. கொஞ்சம் நிலைக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரத்துக்குத் தள்ளினாள்.

அந்த நேரம் பார்த்து சாம்பியன்ஷிப் விதிகளை மாற்றினார்கள். பழைய கார் எதுவும் செல்லாது, எல்லோரும் புதிதாகக் கட்ட வேண்டும். கணவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். தொழிற்சாலைக்காரனும் நாமும் ஒரே கோட்டில் நிற்கிறோம், இந்தத் தடவை விட்டால் எப்போதும் இல்லை என்றார். மேசையில் குழாய்களைப் பரப்பி, பலகையைப் போட்டு, அளவக்காவைக் கூப்பிட்டார்.

அவள் உட்கார்ந்தாள். வயிறு வெளியே தெரியவில்லை. ஆனால் ஸ்டியரிங் வயிற்றுக்கு அருகே வந்ததும் கை தானாகவே அதை முன்னால் தள்ளியது. இன்னும் கொஞ்சம் தள்ளி வைக்கலாமே என்றாள். எவ்வளவு என்று கேட்டார். நாலு விரல் என்றாள். அவர் மறுபேச்சுப் பேசாமல் நாலு விரல் தள்ளிக் கோடு போட்டார். ஸ்டியரிங் போனால் முன்வளைவு போக வேண்டும், முன்வளைவு போனால் பெடல் போக வேண்டும், பெடல் போனால் முன்சக்கரமும் போக வேண்டும். காலை எட்டி வைத்து, எட்டுகிறது எட்டுகிறது என்று அவள் சொன்னாள். கார் மொத்தமும் நாலு விரல் நீண்டுவிட்டது. மூக்கு நீளமா வருதே அண்ணே என்று சைலன்சர் முனகினான். அவள் உடம்பு பொய் சொல்லாது என்று கணவர் அவன் வாயை அடைத்தார்.

காரை ஓட்ட வந்தவர் ஒரு பல் டாக்டர். வாரம் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை தன் வாயை இறுக மூடிக்கொண்டு கார் ஓட்டுகிறவர். அவருக்கும் அளவக்காவுக்கும் உடம்பு அச்சு அசல் ஒரே அளவு. முதல் சோதனை ஓட்டத்தில் நாலைந்து சுற்றிலேயே திரும்பி வந்துவிட்டார். ஸ்டியரிங்கைப் பிடிக்கத் தூக்கத்தில் நடக்கிறவன் மாதிரி கையை நீட்ட வேண்டியிருக்கிறது, பிரேக்கை மிதிக்க சீட்டில் சறுக்கி இறங்க வேண்டியிருக்கிறது என்றார்.

அளவக்கா விழுந்தடித்துக்கொண்டு சீட்டின் முதுகுப்பக்கம் கனமாக ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்தாள். யாருக்கும் தெரியாமல் தன் தப்பைத் தானே சரிசெய்துவிடலாம் என்ற எண்ணம். மறுபடி ஓட்டிவிட்டு வந்த டாக்டர், "ஆக்சிலேட்டர மிதிச்சா நான் பின்னாடி போறேன், பிரேக் அடிச்சா முன்னாடி வர்றேன். ஊஞ்சல் மாதிரி நல்லாத்தான் இருக்கு. ஆனா பந்தயம் ஓட்ட முடியாதுக்கா" என்றார்.

கணவர் அவளைக் கேட்கவில்லை. அவள் அளவு தப்பியிருக்கும் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. தன் கோட்டையும், தன் டேப்பையும், தான் பற்றவைத்த இடங்களையும் மறுபடி மறுபடி அளந்தார். சாப்பிடும்போது கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டார். முன்பு ஒரே இழுப்பில் போட்ட கோட்டை இப்போது இரண்டு முறை அழித்துவிட்டுப் போட்டார். அவர் வருத்தப்படக் கூடாது என்றுதானே வாயை மூடிக்கொண்டிருந்தோம், இப்போது வாயை மூடியிருப்பதாலேயே அவர் நொந்துபோகிறாரே என்று அவளுக்கு உறைத்தது.

ஒரு மத்தியானம், எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்த நேரம், அவர் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒரு தடவை உட்காந்து பாரு. உனக்குச் சரியா இருந்தா வண்டி சரி, டாக்டர்தான் தப்பு. அவர அனுப்பிட்டு வேற ஆளப் பாக்கலாம். உனக்கும் எட்டலைன்னா, என் கை போச்சுன்னு அர்த்தம். கடைய மூடிடுவோம். தெரிஞ்சாப் போதும் எனக்கு."

சரியாக இருக்கிறது என்றால் பொய்; எட்டவில்லை என்றால் அவர் கை போச்சு என்று ஆகும், அதுவும் பொய். தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு காருக்குள் காலை வைத்து, மெல்ல இறங்கி உட்கார்ந்தாள். அவர் வழக்கம்போலக் குனிந்து, டாக்டருக்காக வைத்திருந்த பெல்ட்டை இரண்டு பக்கமும் எடுத்து, அவள் இடுப்பில் கோத்தார். கொக்கி எட்டவில்லை. இழுத்துப் பார்த்தார். எட்டவில்லை.

"பெல்ட்ட யாராவது மாத்தினாங்களா?"

"அதே பெல்ட்தாங்க."

அவர் பெல்ட்டைப் பார்த்தார். பிறகு ஸ்டியரிங்குக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த இடத்தைப் பார்த்தார். அவளுடைய ஒவ்வொரு அளவும் மனப்பாடமாகத் தெரிந்த மனிதர். டேப்பை எடுக்கவில்லை. எடுக்கத் தேவையும் இருக்கவில்லை.

"உங்க கைக்கு ஒண்ணும் ஆகலைங்க," என்றாள் அவள். "நான்தான் உங்ககிட்ட சொல்லல."

அவர் காருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். எத்தனை மாசம் என்று கேட்டார். அஞ்சு முடியப் போகுது என்றாள். இதற்கு முன்னால் இரண்டு முறையும் இவ்வளவு தூரம் வந்ததில்லை என்பது இருவருக்குமே தெரியும்.

"ஏன் சொல்லல?"

"நீங்க பயப்படுவீங்கன்னு."

"நீ பயப்படலையா?"

"செத்துக்கிட்டிருக்கேன்."

"அப்ப ரெண்டு பேருமா பயந்திருக்கலாம்ல? தனியா எதுக்கு இவ்ளோ பெரிய வேலைய இழுத்துப் போட்டுக்கிட்ட?"

அவள் அழுதாள். அழுகைக்கு நடுவில், என்னால எழுந்திருக்க முடியலைங்க என்றாள். உண்மைதான். உட்காரும்போது எப்படியோ உட்கார்ந்துவிட்டாள்; இப்போது அந்தக் குறுகலான இடத்திலிருந்து வயிற்றை மடக்கி எழ முடியவில்லை. ஆபத்து வந்தால் ஓட்டுபவர் கண்மூடித் திறப்பதற்குள் வெளியே வர வேண்டும் என்பது சாம்பியன்ஷிப் விதி. டீ குடித்துவிட்டு வந்த சைலன்சர் பார்த்தபோது, பட்டறை முதலாளி ஸ்டியரிங்கைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காருக்குள் இருந்த மனைவியின் கண்ணைத் தன் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இப்படிப் புடி. மெதுவா. மெதுவாடா," என்றார் கணவர்.

எதற்கு இவ்வளவு மெதுவாக என்று சைலன்சர் கேட்டான். அவர் சொன்னார். அதன் பிறகு அவன் அவளைத் தூக்கிய விதம், ஓர் இஞ்சினை அப்படித் தூக்கியிருந்தால் ஒரு நாள் முழுக்க ஆகியிருக்கும். அவளைத் தரையில் நிறுத்திய பின்னும் இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை. நான் நிக்கிறேன், விடுங்க என்று அவளேதான் சொல்ல வேண்டியிருந்தது.

சட்டத்தை அறுத்துத் திரும்பக் கட்ட நேரமில்லை. ஸ்டியரிங் தண்டை நீட்டினார்கள், பெடல்களைப் பின்னால் கொண்டுவந்தார்கள். ஸ்பாஞ்சைப் பிய்த்துவிட்டு சீட்டைப் பழையபடி கெட்டியாக்கினார்கள். அளவு பார்க்க டாக்டரையே உட்கார வைத்தார்கள். அளவக்கா ஒரு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, முழங்கையப் பாருங்க, தோளப் பாருங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கணவர் ஒரே இழுப்பில் கோடு போட்டார். நீண்ட மூக்கு மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

அந்த வருடமும் பட்டம் தொழிற்சாலைக்காரர்களுக்குத்தான். நாலு விரல் நீண்ட கார் குறுகலான திருப்பங்களில் அடம்பிடித்தது. வேகமான நீண்ட வளைவுகளில் மட்டும் ஆடாமல் அசையாமல் போனது. டாக்டர் ஒரு முறை மூன்றாவது வந்தார். அந்தப் பந்தயத்துக்குக் கணவர் போகவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில், தன் உடம்புக்குப் போதாத ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நர்ஸ் வந்து பெண் குழந்தை, இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்று சொன்னபோது அவருக்குக் காதில் விழவில்லை. இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. போனில் சைலன்சர் மூன்றாவது மூன்றாவது என்று கத்திக்கொண்டிருந்தான். இல்லடா, எங்களுக்கு இதுதான் முதல் குழந்தை என்று இவர் பதில் சொன்னாராம்.

அடுத்த சீசனின் முதல் நாள், மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அளவக்கா பந்தயத் திடலுக்குப் போனாள். வரிசையாக நின்ற கார்களில் மூன்று, வேறு வேறு பட்டறைகளில் கட்டியவை, நீண்ட மூக்கோடு நின்றன. ஒரு பட்டறைக்காரர் கணவரைத் தனியாக ஓரம் கட்டி, போன வருடம் அந்த நாலு விரலை எந்தக் கணக்கில் கூட்டினீர்கள், காற்றா, எடையா, சும்மா சொல்லுங்கள் என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். கணவர் அளவக்காவைத் திரும்பிப் பார்த்தார். அவள் சிரிப்பை மறைக்க முகத்தைக் குழந்தையின் கழுத்தில் புதைத்துக்கொண்டாள்.

"கணக்கெல்லாம் ஒண்ணுமில்லைங்க," என்றார் அவர். "வீட்ல இடம் பத்தல."