சொட்டு அக்காவின் பதினாறு

அந்தக் கண் மருத்துவமனையில் எல்லோருக்கும் அவள் சொட்டு அக்கா. டாக்டரைப் பார்க்கும் முன் நோயாளிகளின் கண்ணில் மருந்து விடுவது அவள் வேலை. சுவரோரம் போட்ட நீளப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களின் நெற்றியை ஒரு கையால் பின்னுக்குச் சாய்த்து, கீழ் இமையை விரல் நுனியால் இறக்கி, ஒரு சொட்டு விடுவாள். "மேல பாருங்க. மூடிக்கங்க. கசக்காதீங்க." அவ்வளவுதான் பேச்சு.

முதலில் தரை துடைக்கத்தான் வந்தாள். மருந்து விடும் பெண் பிரசவத்துக்குப் போனபோது, இவளுக்குக் கை நடுங்காது என்று கண்டுபிடித்து நிறுத்தினார்கள். அந்தப் பெண் திரும்பி வரவில்லை. இவளும் மறுபடி துடைப்பத்தைத் தொடவில்லை. எட்டாம் வகுப்பைத் தாண்டாதவள் என்பதால் நாலு பேர் கூடிப் பேசும் இடத்தில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வாள். கண் மட்டும் சும்மா இருக்காது. யார் செருப்பு அறுந்திருக்கிறது, யார் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள், எல்லாம் தெரியும். யாரிடமும் மூச்சு விட மாட்டாள்.

அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. கேட்டால் யாரும் அதை வேலை என்று சொல்ல மாட்டார்கள்.

கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தத்தை அளக்க அங்கே ஒரு பழைய கருவி உண்டு. கண்ணை மரத்துப்போக வைத்து, நீல வெளிச்சம் காட்டி, ஒரு சின்ன முனையால் விழியைத் தொட்டு அளப்பது. சக்கரத்தைத் திருப்பி, உள்ளே தெரியும் இரண்டு அரைவட்டங்களும் ஒட்டும் இடத்தில் எண்ணைப் படிக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் வலிக்காது, சிவக்காது. பின்னாலிருக்கும் நரம்பைச் சத்தமில்லாமல் தின்றுவிடும். முதலில் ஓரப் பார்வை போகும். போனது வராது. அதனால் கருவி சரியாக இருக்க வேண்டும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அளவெடுக்கும் தம்பி ஒரு வழி வைத்திருந்தான். வாரம் பிறந்ததும், கூட்டம் சேருமுன் அறைக்குள்ளிருந்து குரல் கொடுப்பான்.

"எடைக்கல் எங்க? வாங்கக்கா, தராசு காத்துக்கிட்டிருக்கு."

அவள் போய் முகவாயைத் தாங்கியில் வைப்பாள். பதினாறு. எப்போது வைத்தாலும் பதினாறு. இருபத்தொன்றைத் தாண்டாதவரை கவலையில்லை என்பார்கள். "மெஷின் சரியா இருக்கு," என்று அவன் விளக்கை அணைப்பான். கருவியோடு வந்த சரிபார்க்கும் கம்பி ஒன்று பெட்டிக்குள் உறை பிரிக்காமல் கிடந்தது. அதை மாட்டிக் கழற்றிப் பார்ப்பதைவிட அக்காவைக் கூப்பிடுவது சுலபம்.

டயர் கடை வைத்திருக்கும் அவள் கணவன் இதைக் கேட்டு, "ஊருக்கெல்லாம் வயசாகுது, உனக்கு மட்டும் எப்பவும் பதினாறு," என்பான். அவள் முறைப்பாள். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பெருமை உண்டு. அவளுடைய அண்ணனுக்கு இதே அழுத்தத்தால்தான் பார்வை சுருங்கியது. தம்ளரை எடுக்கக் கை நீட்டினால் பக்கத்திலிருக்கும் சொம்பு உருளும். ஒரே வயிற்றில் பிறந்தும் தனக்குப் பதினாறு என்பது, கேட்காமல் கிடைத்த வரம் மாதிரி இருந்தது.

குழப்பம் புது மெஷினோடு வந்தது. இது விழியைத் தொடாது. பொசுக்கென்று ஒரு காற்றை ஊதி, எண்ணைத் தானே காட்டிவிடும். தம்பி அதை மேஜையில் ஏற்றியதும் முதல் வேலையாக அவளைத்தான் கூப்பிட்டான்.

இருபத்துநாலு.

"கண்ண இறுக்கினீங்களா?"

"இல்ல தம்பி."

"மூச்ச அடக்கினீங்களா?"

அதற்கு அவளால் உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. காற்று அடிக்கப்போகிறது என்று தெரிந்தால் யாருக்குத்தான் மூச்சு நிற்காது. மறுபடி ஊதினான். இருபத்துமூணு. உடனே பழைய கருவிக்கு இழுத்துப்போய் நீல வெளிச்சத்தில் பார்த்தான். பதினாறு.

"கொண்டு வந்த அன்னிக்கே பல்ல காட்டிடுச்சு," என்று கம்பெனிக்காரருக்குப் போன் போட்டான். அவர் வந்து மெஷினை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைத்தார். அதுவும் இருபத்துநாலு. பேனா போலக் கையில் பிடித்து அளக்கும் இன்னொரு கருவியையும் பையிலிருந்து எடுத்தார். அது இருபத்திரண்டு என்றது.

கம்பெனிக்காரருக்கு முகம் விழுந்துவிட்டது. "சார், உங்க கண்ணுல பாருங்களேன்."

தம்பி தன் கண்ணை மூன்றிலும் காட்டினான். பதினாலு, பதினாலு, பதினஞ்சு. சீட்டு எழுதும் பெண்ணுக்கும் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தன.

"அப்ப எங்க மெஷின் நல்லாத்தானே சார் இருக்கு?"

"எங்க அக்காவுக்குத் தப்பா காட்டுதே. இத்தன வருஷமா பதினாறு சார் அவங்க."

இருவரும் அவளுடைய தலைக்கு மேலே பேசிக்கொண்டார்கள். இவன் காற்றைக் குறை சொல்ல, அவர் வெளிச்சத்தைக் குறை சொல்ல, நடுவில் அவள் தாங்கியில் வைத்த முகவாயை எடுக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். மூன்று மெஷினைப் பற்றியும் பேச்சு வந்தது. கண்ணைப் பற்றி வரவில்லை. அது வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. வராததும் பயமாக இருந்தது.

சாயங்காலம் டயர் கடையில் போய் உட்கார்ந்தாள். கணவன் ஒரு லாரி டயருக்குக் காற்று பிடித்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னாள்.

"இதுக்கா மூஞ்சிய தூக்கி வச்சிருக்க? காத்து அளக்க என்கிட்ட ரெண்டு கேஜ் இருக்கு. ஒண்ணு சொல்றத இன்னொண்ணு சொல்லாது. நான் டயர ஒரு தட்டு தட்டிப் பாத்துக்குவேன்."

"டயர தட்டலாங்க. கண்ண எப்படித் தட்டுறது?"

அவன் சிரித்துவிட்டு, வேலையைப் பார்த்தபடியே, "அதுவும் மூணு கேஜ்ல ரெண்டு ஏறக்குறைய ஒரே மாதிரி சொன்னா நான் மூணாவதத்தான் தூக்கிப் போடுவேன்," என்றான். சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவனுக்கு உறைத்தது. "அது டயருக்கு. உனக்கில்ல," என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. நடக்கும்போது பெஞ்சுக் காலில் இடித்துக்கொண்டாள். முன்பும் இடித்ததுண்டா, இப்போதுதான் இடிக்கிறதா? ஞாபகம் இல்லை. ஒரு கண்ணை மூடி, சுவரில் இருக்கும் சுவிட்சுகளைப் பார்த்தாள். எல்லாம் தெரிந்தன. எல்லாம் தெரிகின்றனவா, அல்லது அங்கே இருப்பது தெரியும் என்பதால் தெரிகின்றனவா? ஒருமுறை, ஓரப் பார்வையில் தெரிகிறதா என்று பக்கவாட்டில் நீட்டிய தன் கையைத் தேடிக்கொண்டு நின்றபோது, மருந்துக்குக் காத்திருந்த பெரியவர், "என்னம்மா, யாருக்கு டாட்டா காட்டுற?" என்று கேட்டார். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

டாக்டரம்மாவிடம் கேட்டுவிடலாம்தான். தினம் முகம் பார்க்கிறவர். ஆனால் "என் கண்ணைப் பாருங்க" என்று வாய் திறந்தால், தம்பி அளந்ததைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடும். அவன் நல்ல பையன். ஒருநாள் விடாமல் அக்கா சாப்பிட்டாளா என்று கேட்பவன். கதவு வரை போய், போய், திரும்பினாள்.

கடைசியில் அவளுக்கு வந்த தைரியம் விசித்திரமான தைரியம். விடுப்பு நாளில், நோயாளிகளோடு நோயாளியாக வந்து சீட்டு எழுதும் பெண்ணின் முன் நின்றாள்.

"என்னக்கா, லீவுல வந்திருக்கீங்க?"

"எனக்கு ஒரு சீட்டு போடு. புதுசா வர்றவங்களுக்குப் போடுவியே, அது மாதிரி."

அந்தப் பெண் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். அக்கா நகராமல் நிற்பதைப் பார்த்ததும் பேசாமல் போட்டுக்கொடுத்தாள்.

முறை வந்து உள்ளே போனபோது டாக்டரம்மாவுக்கும் முதலில் விளங்கவில்லை. "வீட்ல யாருக்கு?"

"எனக்குத்தான் மேடம். அண்ணனுக்கு இருக்கு." சீட்டை நீட்டினாள்.

டாக்டரம்மா வேறெதுவும் கேட்காமல் நீல வெளிச்சத்தை இழுத்தார். எண் காட்டும் சக்கரத்தைக் கீழிருந்து மெதுவாகத் திருப்பிக்கொண்டு வந்தார். பதினாறில் நிற்கவில்லை. இருபத்தொன்றில் நின்றது. அடுத்த கண்ணில் இருபது.

தம்பியைக் கூப்பிட்டார். "அக்காவுக்கு எப்படிப் பாப்பீங்க?"

"பதினாறுல வச்சுட்டுப் பாப்பேன் மேடம். ரெண்டு அரைவட்டமும் கிட்டத்தட்டச் சேரும்."

"கிட்டத்தட்டன்னா?"

"கொஞ்சம் விலகியிருக்கும். அக்கா கண்ண சிமிட்டியிருப்பாங்கன்னு…" அவள் பக்கம் திரும்பினான். "அக்கா, உங்களுக்குப் பதினாறுன்னு தெரிஞ்சதால, அந்த நம்பர்லயே…"

அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குச் சங்கடமாக இருந்தது. "பரவாயில்ல தம்பி," என்றாள். எது பரவாயில்லை என்று அவளுக்கே தெரியவில்லை.

"அப்ப இது எப்ப ஏறுச்சு மேடம்?" என்று அவன்தான் கேட்டான். அவள் கேட்க நினைத்ததும் அதுதான்.

"எப்படிச் சொல்றது? நேத்தா, பத்து வருஷம் முன்னாடியா? நீங்கதான் பாக்கவே இல்லையே."

பிறகு சோதனைகள் தொடர்ந்தன. விழியின் முன்பக்கம் எவ்வளவு தடிப்பு என்று பார்த்தார்கள். வேறொரு பெண் அவள் கண்ணில் சொட்டு மருந்து விட்டாள். எரிச்சலில் அவள் கை தானாகப் போய்க் கசக்கிவிட்டது. மருந்தில் கண்ணின் பாவை விரிந்தபின் டாக்டரம்மா உள்ளே நரம்பை வெகுநேரம் பார்த்தார்.

"நரம்பு நல்லா இருக்கு. உங்க கருவிழி கொஞ்சம் தடிப்பு. அப்படியிருந்தா எந்த மெஷினும் கூட்டித்தான் காட்டும், காத்து மெஷின் இன்னும் கூட்டும்."

"அப்ப காத்து மெஷின் தப்பா மேடம்?"

"தப்புன்னு இல்ல."

"வெளிச்சம்தான் சரியா?"

"அதுலயும் கொஞ்சம் கழிக்கணும். எவ்வளவுன்னு துல்லியமா யாராலயும் சொல்ல முடியாது."

"அப்ப என் நெஜ அளவு என்ன மேடம்?"

வாழ்க்கையில் அவள் ஒரு டாக்டரிடம் அடுத்தடுத்துக் கேட்ட கேள்விகள் இவைதான். டாக்டரம்மா கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"தெரியலக்கா. மருந்து இப்ப வேணாம். ஆனா அண்ணனுக்கு இருக்கறதால சும்மாவும் விட முடியாது. சில மாசத்துக்கு ஒருமுறை வாங்க. நானே பாக்குறேன். மெஷின சரிபாக்க இனிமே உங்க கண்ணத் தர வேணாம்."

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. விரிந்த பாவையில் எல்லாம் வெள்ளையாக, விளிம்பில்லாமல் தெரிந்தன. எதிரே வருபவர்கள் கிட்டே வந்த பிறகுதான் ஆளாக மாறினார்கள். தட்டுத் தடுமாறி டயர் கடைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

கணவன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். "என்ன சொன்னாங்க?"

"இருக்குன்னு சொல்லல."

"அப்ப இல்ல. நான்தான் சொன்னேனே."

"இல்லன்னும் சொல்லலங்க."

அவன் கையிலிருந்த கேஜைக் கீழே வைத்தான். "அப்படின்னா என்னதான் அர்த்தம்?"

"திரும்பத் திரும்ப வரச் சொன்னாங்க."

சாலையில் போகும் வண்டிகள் அவளுக்கு நிறங்களாக மட்டும் தெரிந்தன.

"கடைய சாத்துங்க," என்றாள். "அண்ணன் வீட்டுக்குப் போகணும்."

"இப்பவா? இந்தக் கண்ண வச்சுக்கிட்டா?"

"நீங்க கையப் பிடிச்சுக்கங்க. அவருகிட்ட ஒண்ணு கேக்கணும்."

"என்ன?"

"அவருக்கும் மொதல்ல இப்படித்தான் சொன்னாங்களான்னு."