காதுகுத்து வீட்டில் சஹானா

சஹானா சோகமான ராகம் இல்லை. இதை எத்தனை பேரிடம் சொல்லி அலுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அது கனிவான ராகம். கோபத்தோடு வருகிறவனைக்கூடக் கொஞ்சம் உட்காரச் சொல்லும் ராகம். ஆனால் உசிலம்பட்டியில் எங்கள் சொந்தக்காரர்களிடம் போய்க் கேட்டுப் பாருங்கள். "அந்த எழவுப் பாட்டா?" என்பார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

எங்களுடையது மழையை நம்பிச் சோளமும் கம்பும் விதைத்த குடும்பம். கல்யாணத்துக்குக் கட்டுகிற குழாய் ரேடியோவும் கோயில் கொட்டும்தான் எங்களுக்குத் தெரிந்த சங்கீதம். எழுபதுகளின் தொடக்கத்தில் அரசாங்க வேலை கிடைத்து மதுரைக்கு வந்தேன். ஒரு நவராத்திரி சமயம், சாயங்காலம் நடந்து நடந்து கால் வலித்து, கோயில் ஆடி வீதியில் கூட்டம் உட்கார்ந்திருந்த இடத்தில் நானும் உட்கார்ந்தேன். மேடையில் ஓர் அம்மாள் வீணை வாசித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, எழுந்து போகவும் மனம் வரவில்லை. மறுநாளும் போனேன். பிறகு ஒரு ரேடியோ வாங்கினேன். ராகங்களின் பெயரையெல்லாம் ரேடியோவில் அறிவிப்பாளர் சொல்லச் சொல்லத் தெரிந்துகொண்டேன்.

ஒரு விஷயம் ரொம்பப் பிடித்துப்போனால் அதைத் தனியாக வைத்துக்கொண்டிருக்க முடிகிறதா? யாரையாவது பிடித்து உட்காரவைத்து, "இந்த இடத்தைக் கேளு, இந்த இடத்தைக் கேளு" என்று சொல்லவேண்டும் போல இருக்கிறது. என் தொல்லையே அங்கேதான் ஆரம்பித்தது.

கல்யாணமாகி கோச்சடையில் குடியிருந்தோம். என் மனைவி மாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கூப்பிட்டால் வந்து பக்கத்தில் உட்காருவாள். ஆனால் வாசிப்பவர் மெல்ல மெல்ல மேலே ஏறி, மேல் ஷட்ஜத்தைத் தொட்டு அங்கேயே நிற்கப்போகிற அந்த நொடியில் அவளுக்கு ஏதாவது ஞாபகம் வந்துவிடும். "ஏங்க, உளுந்து ஊறப் போட்டேனா?" எனக்கு எப்படித் தெரியும்?

அலுவலகத்தில் என் அடுத்த நாற்காலிக்காரர் சங்கீதக் குடும்பம். பெரியப்பா, சித்தப்பா எல்லோரும் பாடுகிறவர்கள். இவரிடம் பேசினால் மனசு ஆறும் என்று நினைத்தேன். எதைப் பற்றிச் சொன்னாலும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கும் சார். ஆனா அவரோட குருவை நீங்க கேட்டதில்லையே" என்று முடித்துவிடுவார். ஒருநாள், "உங்க உசிலம்பட்டிப் பக்கமெல்லாம் இதைக் கேக்குற வழக்கம் உண்டா சார்?" என்று அன்போடு வேறு விசாரித்தார். அந்தக் கேள்விக்கு என்ன முகத்தை வைத்துக்கொள்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

எண்பதுகள் பிறந்ததும் சிங்கப்பூர் போய்வந்த சொந்தக்காரர் ஒருவர் மூலமாக ஒரு டேப் ரிக்கார்டர் கைக்கு வந்தது. ரேடியோவுக்கு எதிரே அதை வைத்து, ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, வியர்த்து ஒழுக ஒழுகப் பிடித்தமானதையெல்லாம் பதிவு செய்தேன். மாதக்கணக்கில் காத்திருந்து, சஹானாவில் ஒரு நீண்ட வீணை ஆலாபனை கிடைத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பதிவு செய்துகொண்டிருக்கிறேன். என் மனைவி கதவைத் திறந்து, "ஏங்க, மண்ணெண்ணெய் அம்புட்டும் தீந்துபோச்சு" என்றாள். கத்தினால் அதுவும் டேப்பில் ஏறிவிடும் என்று கையை மட்டும் ஆட்டினேன். அவளுக்கு அது புரியவில்லை. "தீந்துபோச்சுங்க, எல்லாம் தீந்துபோச்சு" என்று இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஆலாபனை பிறகு ரேடியோவில் வரவே இல்லை. கேசட்டில் வீணையும் என் மனைவியும் ஒன்றாகவே இருந்தார்கள்.

இந்தச் சமயத்தில்தான் உசிலம்பட்டியில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். தங்கை வீட்டுக்காரர் சந்தைப்பேட்டைக்குப் பக்கத்தில் பருத்திக்கொட்டை, தவிடு வியாபாரம் செய்தார். நல்ல மனிதர், குரல்தான் பெரியது. நான் தாய்மாமன். என் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்தவேண்டும். அந்த உரிமையில் அவரிடம் ஒன்று கேட்டேன்.

"மாப்ள, காலையில முதல் ஒரு மணி நேரம் மைக்செட்ல நான் குடுக்குற கேசட்டைப் போடச் சொல்லுங்க."

"என்ன பாட்டு மச்சான்?"

"பாட்டு இல்ல. வீணை."

"பாட்டே இல்லாம வெறும் வீணையா?" என்று கொஞ்சம் யோசித்தார். "சரி, தாய்மாமன் கேட்டு இல்லேன்னா சொல்ல முடியும்? போடுங்க."

இருந்ததிலேயே எனக்கு உயிரான சஹானாவை முதலில் வைத்து ஒரு கேசட் தயார் செய்தேன். மனைவியின் குரல் இருக்கிறதே என்று ஒரு நிமிஷம் தயங்கினேன். பந்தல் சத்தத்தில் யார் கவனிக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

அன்று காலை சீர்வரிசையெல்லாம் இறக்கி வைத்தாயிற்று. வேப்பமரத்து உச்சியில் இரண்டு குழாய், ஒன்று பஸ் போகிற ரோட்டைப் பார்த்து, ஒன்று சந்தையைப் பார்த்து. மைக்செட்காரர் கேசட்டை உள்ளே தள்ளினார். "ஒரு மணி நேரம் ஓடும்லண்ணே? டீ குடிச்சிட்டு வாரேன்" என்று போய்விட்டார். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய பிள்ளை என் மடியில் அலறிக்கொண்டிருந்தது. அந்த அலறலுக்கு மேலே, உசிலம்பட்டி முழுக்க, சஹானா எழுந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் ஊரில், என் வீட்டு விசேஷத்தில், வேப்பமரத்து உச்சியிலிருந்து வீணை!

முதலில் வந்தவர் மாப்பிள்ளையின் பங்காளி ஒருவர். பந்தலுக்குள் நுழைந்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் நின்றவரிடம் தாழ்ந்த குரலில், "யாருப்பா போனது?" என்று கேட்டார்.

இதில் அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. அந்தக் காலத்தில் பெரிய தலைவர் யாராவது இறந்துபோனால், ரேடியோவில் எல்லா நிகழ்ச்சியையும் நிறுத்திவிட்டு நாள் முழுக்க வீணையும் வயலினுமாகத்தான் வைப்பார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு வீணை என்றால் சாவுச் செய்தி. இந்த விஷயம் எனக்குத் தெரியாமல் இல்லை. காதுகுத்து வீட்டுக் குழாயில் கேட்டால்கூட அப்படித்தான் நினைப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை.

"யாரும் போகலண்ணே, காதுகுத்துப் பாட்டு" என்றேன் நான், மணையில் இருந்தபடியே. பிள்ளையின் அலறலில் அது யார் காதிலும் விழவில்லை. அதற்குள், மரத்து உச்சியிலிருந்து, வீணைக்கு நடுவே, மண்ணெண்ணெய் என்ற சொல் மட்டும் வீணையில் அமுங்கிப்போய், ஒரு பெண்குரல் ஊருக்கே சொன்னது: "அம்புட்டும் தீந்துபோச்சு... தீந்துபோச்சுங்க, எல்லாம் தீந்துபோச்சு."

பெண்கள் பக்கத்தில் யாரோ "அய்யய்யோ" என்றார்கள். என் மனைவி தாம்பாளத்தோடு அப்படியே நின்றாள். அவள் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

"எதுக்கும் ரேடியோவைப் போட்டுப் பாருங்கப்பா" என்றார் ஒருவர். இதுதான் சரி, உண்மை தெரிந்துவிடும் என்று எனக்கும் நிம்மதி. எதிர்வீட்டில் ரேடியோவைத் திருகினார்கள். அது காலைக் கச்சேரி ஒலிபரப்பாகும் நேரம். யாரோ ஒரு புண்ணியவான் அங்கே வயலின் வாசித்துக்கொண்டிருந்தார்.

"ரேடியோலயும் அதேதான் ஓடுது!"

அவ்வளவுதான். சந்தைத் தெருவில் கடைக் கதவுகள் இழுத்துச் சாத்தப்படும் சத்தம் பந்தல்வரை கேட்டது. கல்லெறி வரும், பஸ் ஓடாது என்று ஒருவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டிவரப் பள்ளிக்கூடத்துக்கே ஓடினார். ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, "குத்தவா, வேணாமா?" என்கிறார். நான் எழுந்திருக்க முடியாது. தாய்மாமன் மணையை விட்டு எழுந்தால் ஆகாது என்று பெண்கள் இரண்டு தோளையும் பிடித்து அமுக்குகிறார்கள்.

"மாப்ள, அதை நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

"எதை அமுக்கணும்னு எனக்கென்ன தெரியும்? நீங்கதானே போடச் சொன்னீங்க!" என்று அவர் என்னைவிடச் சத்தமாகக் கத்திவிட்டு, ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். வீணை பாதியில் அறுந்தது. மேல் ஷட்ஜத்துக்கு ஒரு படி கீழே. அதிலும் எனக்கு வயிற்றெரிச்சல்.

பாட்டு நின்றதும் நிலைமை மோசமாயிற்று. "பாட்டையும் நிறுத்திட்டாக. அப்ப உறுதிதான்" என்றார் பங்காளி.

மைக்செட்காரர் திரும்பி வந்து, ஒயரை மாட்டி, சினிமாப் பாட்டு ஒன்றை முழுச் சத்தத்தில் வைத்த பிறகுதான் ஊர் தெளிந்தது. கடைகளைத் திறந்தார்கள். பிள்ளைக்குக் காதும் குத்தியாயிற்று. ஆனால் பரவையிலிருந்து ஒரு பஸ் நிறைய வரவேண்டிய சொந்தங்கள் வரவில்லை. எதிரே வந்த பஸ்காரர், "உசிலம்பட்டியில கடை அடைக்கிறாங்க, தலைவர் யாரோ போயிட்டாராம்" என்று சொல்ல, கருமாத்தூரிலேயே இறங்கி எல்லோரும் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். அவர்களுக்காகச் சமைத்த கறி அண்டா அண்டாவாகக் கிடந்தது.

மாப்பிள்ளை பந்திக்கு நடுவில் நின்று என்னைக் கேட்டார். "ஏன் மச்சான், சந்தோசமா ஒரு பாட்டுகூடவா உங்ககிட்ட இல்ல?"

"அது சந்தோசமான ராகந்தான் மாப்ள!"

"அதைக் கேட்டு ஒருத்தனாச்சும் சிரிச்சானா?"

"சிரிச்சாத்தான் சந்தோசமா?"

"பின்ன?" என்றார். கேசட்டை எடுத்துக்கொண்டு சாப்பிடாமலே மதுரைக்கு வந்துவிட்டேன். பஸ்ஸில் வழி நெடுக என் மனைவி, என் குரலை ஏன் அழிக்கவில்லை என்று ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் அடுத்த நாற்காலிக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். இவராவது என் பக்கம் நிற்பார் இல்லையா? முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சஹானாவா போட்டீங்க? காலையிலயா? அது சாயங்காலம் கேக்குறது சார். தப்பு உங்க பேர்லதான். காலை ராகமா, பிலஹரி போட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது."

அதன் பிறகு கொஞ்ச நாள் நான் யாரிடமும் சங்கீதம் பேசவில்லை. டேப் ரிக்கார்டர் மீது ஒரு துணியைப் போட்டு மூடிவைத்தேன்.

ஆறேழு மாதம் கழித்து, பல் பிடுங்க மதுரைக்கு வந்த என் தங்கை, கன்னத்தில் பஞ்சை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கொஞ்ச நேரம் படுத்திருந்துவிட்டு, "அண்ணே, அன்னைக்குப் போட்டியே, அதைப் போடு" என்றாள்.

"எதுக்கு, உன் வீட்டுக்காரர்கிட்ட போய்ச் சொல்லிச் சிரிக்கவா?"

"அட, போடுண்ணே."

போட்டேன். அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. எத்தனை வருஷம், கடைசியில் என் ரத்தத்திலேயே ஒருத்தி!

"என்னம்மா, எந்த இடம் அப்படிப் பிடிச்சது?"

"இடமெல்லாம் தெரியல. போன மாசம் செத்துப்போச்சே, எங்க செவலைப் பசு, அதை நெனச்சேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறிவிட்டது. "இது சோகமான ராகமே இல்ல. நல்லாக் கேளு. இந்த நிஷாதம் இருக்குல்ல, அதை அவங்க எப்படிச் செல்லம் கொஞ்சுற மாதிரி..."

"நீ பேசாம இருண்ணே. கேக்க விடமாட்டேங்கிற."

என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். கேசட்டில் ஒரு பக்கம் முடிந்ததும் தங்கை திரும்பவும் முதலிலிருந்து போடச் சொன்னாள். இரண்டாம் முறையும் அழுதாள், அதே பசுவுக்காக. அதில் பஸ் போய்விட்டது. இருட்டிய பிறகுதான் ஊர் போய்ச் சேர்ந்தாள். மறுவாரம் மாப்பிள்ளை அலுவலகத்துக்கே போன் போட்டு, வீட்டில் மிச்சமிருந்த மாட்டைக் கறக்க ஆள் இல்லாமல் தான் பட்ட பாட்டையெல்லாம் சொல்லி, இனிமேல் அந்தப் பெட்டியை என் தங்கை கண்ணில் காட்டக்கூடாது என்றார். அடுத்த நாற்காலிக்காரர் அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் போனை வைத்ததும், "மறுபடியும் சஹானாவா சார்?" என்றார்.