பம்பாய்க்கு எத்தனை மைல்?

விமானத்துக்கு டிக்கெட் எழுதுகிறவன் ஆகாயத்தில் பறப்பான் என்று அம்பத்தூரில் பலர் நினைத்திருந்தார்கள். நான் தரையை விட்டு எழும்பியதெல்லாம் ரயில் படியேறும்போதுதான். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து சோறு தின்றவர்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

தூரம்

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி. தினமும் காலையில் அம்பத்தூர் ரயிலடியில் கத்திரிக்காய்க் கூடையோடு நிற்பார் ஏகாம்பரம். மகளைப் பம்பாயில் கட்டிக் கொடுத்திருந்தார். "பம்பாய் எவ்ளோ தூரம் தம்பி?" என்று என்னைக் கேட்காத நாளில்லை.

ரயிலில் போனால் இத்தனை மைல், ஆகாயத்தில் அதைவிடக் குறைவு என்று ஒருநாள் பொறுமையாகச் சொன்னேன். கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பம்பாய் இன்னா, ரயிலுக்கு ஒரு எடத்துலயும் பிளேனுக்கு ஒரு எடத்துலயுமா கீது?"

நேரம்

விமானம் புறப்படும் நாளில் நான் மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். அம்பத்தூரிலிருந்து சென்ட்ரலுக்கு ஒரு ரயில், பிறகு நடை, பிறகு இன்னொரு ரயில், மறுபடியும் நடை. போய்ச் சேரும்போது சட்டை பிழிகிற பதத்தில் இருக்கும். ஒருநாள் தாமதமாகி, துரையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலி நண்பர் ஆறுதல் சொன்னார்.

"நீ பம்பாய்ல குடியிருந்தா இதவிட சீக்கிரம் வந்துருவே மாமே."

எடை

சின்ன விமானம். தபால் பைகளுக்குத்தான் முதல் மரியாதை. மிச்சமிருக்கும் எடைக்கு ஏற்றபடிதான் ஆட்கள். அதனால் பெட்டியோடு பயணியையும் நிறுப்போம். பூந்தமல்லி அரிசி மண்டி முதலாளி முதல்முறை வந்தபோது, தராசைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது.

"தெனம் நான் மூட்டைய நிறுக்கறவன். என்னியே நிறுக்கறியே, நான் இன்னா அரிசி மூட்டையா?"

மூட்டை

ஒருநாள் சாயங்காலம் ஏகாம்பரத்துக்குத் தந்தி வந்தது. பிரசவமான மகளுக்கு உடம்பு மோசம், உடனே வரவும். ரயிலில் போனால் உயிரோடு பார்க்க முடியுமோ என்னவோ. உழவு மாட்டை விற்றுவிட்டு, விடியற்காலையில் என்னோடு மீனம்பாக்கத்துக்கு வந்துவிட்டார்.

இடம் காலியாக இருந்தது. ஆனால் அன்று தபால் அதிகம். ஏகாம்பரத்தைத் தராசில் ஏற்றிப் பார்த்தேன். அவரையும் விமானத்தில் ஏற்றினால் எடை மீறுகிறது. எப்படிச் சொல்வதென்று தெரியாமல் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மேல்துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தராசிலேயே நின்றார்.

அந்த விமானத்தில் போக மண்டி முதலாளியும் வந்திருந்தார். பம்பாய் சம்பந்தி வீட்டுக்குச் சீர் வைத்த டிரங்குப் பெட்டி அவர் காலடியில் இருந்தது. விஷயத்தை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பெட்டியைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

"இத ரயில்ல அனுப்பு. சீரு லேட்டா வந்தா சம்பந்தி கோச்சிக்குவாரு, அவ்ளோதானே? பெத்தவன ஏத்துய்யா."

மீண்டும் தூரம்

மகள் பிழைத்துவிட்டாள். சில வாரங்கள் கழித்து ரயிலடியில் ஏகாம்பரத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த முறையும் மைல் கணக்கு கேட்பார் என்று தயாராக இருந்தேன்.

"பம்பாய் கிட்டதான் கீது தம்பி. அந்தப் பூந்தமல்லிக்காரர் ஊடு எங்க கீது, அத்த சொல்லு."

சென்னைக்கும் பம்பாய்க்கும் நடுவில் எத்தனை மைல் என்று இப்போது கேட்டாலும் கடகடவென்று ஒப்பிப்பேன், ஆனால் அன்று அதைக் குறைத்தது விமானம் என்று மட்டும் எந்தத் துரை சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.