முந்தி வந்த ரோல்ஸ்

எங்கள் வெள்ளவத்தை வங்கிக் கிளையில் ஒரு வழக்கம் உண்டு. வேலையை விட்டுப் போகிறவர், மற்ற எல்லோருக்கும் மீன் வைத்துப் பொரித்த ரோல்ஸ் வாங்கித் தரவேண்டும். கனடாவுக்குப் போன அண்ணாவின் ரோல்ஸ், டுபாய்க்குப் போன அக்காவின் ரோல்ஸ் என்று அந்த வருடம் நன்றாகவே தின்றோம். போனவர்களின் வேலை மிஞ்சியவர்களின் தலையில் விழுந்தது. கடன் அட்டைக்கு ஆள் பிடிக்கச் சொல்லி ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசி அடிக்கும்.

அதைக்கூடப் பொறுத்தேன். ஆனால் மதியச் சாப்பாட்டுக்குக் கவுண்டரை விட்டு எழும்பவே பின்னேரம் நாலு மணி ஆகிவிடும். மட்டக்குளியில் அம்மா விடியவே எழும்பிக் கட்டித் தரும் மீன்குழம்புச் சோறு அதற்குள் புளித்துவிடும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். "மகன் பேங்க்ல" என்று தொடர்மாடி முழுக்கச் சொல்லித் திரிகிற அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது?

வேலையை விடுவதென்று முடிவெடுத்தேன். வெள்ளிக்கிழமை முகாமையாளரிடம் சொல்லிவிட்டுக் கையோடு கொடுக்கலாமென்று, பக்கத்துக் கடையில் ரோல்ஸுக்குச் சொல்லி வைத்தேன். கடைக்காரர் வியாழக்கிழமையே கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டார்.

"அட கள்ளா!" என்றார் அடுத்த கவுண்டர் அக்கா. "ஒரு சொல்லுச் சொல்லேல்லையே! எந்த நாடு?"

"நாடு இல்லையக்கா. சாப்பாடு."

முகாமையாளர் அறையிலிருந்து வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், லேசில் சிரிக்கமாட்டார்.

"என்ன தம்பி, எனக்குச் சொல்ல முந்தி ரோல்ஸ் கடைக்குச் சொல்லிப்போட்டீரோ?"

எல்லாவற்றையும் சொன்னேன், மீன்குழம்பு உட்பட. ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தபடியே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"நானும் விடுவம் எண்டு கனநாளா யோசிக்கிறன். மனிசி கட்டித் தாற புட்டு பின்னேரம் கல்லு."

அக்கா சிரித்த சிரிப்பில், வரிசையில் நின்ற வாடிக்கையாளர்களும் சிரித்துவிட்டார்கள்.

"நாளைக்கு மத்தியானத்தில இருந்து கவுண்டரில நான் இருக்கிறன். ஆள் மாறி ஆள் போய்ச் சாப்பிடுங்கோ. தம்பி, எனக்கொரு பொரிச்ச மீன் எடுத்து வைக்கவேணும், சரியோ?"

சொன்னபடியே செய்தார். முதல் நாள் அவர் கவுண்டரில் தடுமாறியதைப் பார்க்கவே நாங்கள் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஓடி வந்தோம். ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசி இன்னும் அடிக்கிறது. ஆனால் சோறு புளிப்பதில்லை.

அதன்பிறகுதான் அம்மாவிடம் முழுக் கதையையும் சொன்னேன். மீன் துண்டைச் சட்டியில் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"மெனேஜருக்கே நான்தான் மீன் பொரிக்கிறேன்னு கீழ்வீடு மேல்வீடு எல்லாம் சொல்லியாச்சு. இனி அந்த வேலைய விட்டுப் பாரு, தெரியும்!"