இருபத்து மூன்று பூட்டிய வீடுகள்

கைதவிளைக்குப் பொறுப்புக் காவலர் என்று நிலையத்துப் பலகையில் தன் பெயர் ஏறிய அன்று பெமிலாவுக்குச் சந்தோஷம் ஒன்றும் இல்லை. காக்கி உடுத்திப் பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. ஆயுதப்படையில் இருந்தபோது திருவிழாக்களுக்கும் கட்சிக் கூட்டங்களுக்கும் கயிறு பிடித்து நின்றார். பிறகு மகளிர் காவல் நிலையத்தில் புருஷன் பெண்சாதி சண்டைகளைக் கேட்டுக் கேட்டுக் காது தடித்துப் போனது. தலைமைக் காவலர் ஆனதும் குற்றப்பிரிவுக்குப் போய்விட வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தார். கிடைத்ததோ, தேங்காப்பட்டணத்துக்குக் கிழக்கே, கடலைவிட்டு இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் நானூறு வீட்டு ஊர். வாரம் மூன்று நாள் அங்கே போய் மக்களோடு பேசிப் பழக வேண்டும். குற்றம் நடப்பதற்கு முன்னால் அதன் வாடை தெரிய வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"ஊரு சுத்துறதுக்கு சர்க்காரு சம்பளமா? எனக்கும் ஒரு எடம் கேட்டுப் பாரேன்" என்றார் கணவர் வினோஜ். குளச்சலில் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். பெமிலா மீன் கழுவப் போய்விட்டார்.

முதல் நாள் ஸ்கூட்டரை ஒரு வீட்டு வாசலில் நிறுத்தினார். உள்ளேயிருந்து ஓடி வந்த பெண் கும்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "எனக்க மவன் ஒண்ணும் செய்யல்ல சாரே!"

"உங்க மவன் எங்க?"

"மஸ்கட்டுல."

போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. அடுத்த வீட்டில் வாசல் கேட்டே திறக்கவில்லை. அதற்கடுத்த வீட்டில் நாய்தான் வந்தது. போலீஸ் வண்டி ஒரு வீட்டின் முன்னால் நின்றால் அந்த வீட்டுக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள் கூடத் திரும்பிப் போவார்கள் என்பது மூன்று தெரு நடந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. மறுநாளிலிருந்து ஸ்கூட்டரை ரேஷன் கடைப் பக்கம் ராஜகுமாரின் சாயாக்கடையில் நிறுத்திவிட்டு, தொப்பியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். கள்ளனைப் பற்றிக் கேட்கவில்லை. "இந்தத் தெருவுல உங்களுக்கு என்ன எடைஞ்சல்?" என்றுதான் கேட்டார்.

பள்ளிவாசல் பின்தெருவில் விளக்கு எரிந்து எட்டு மாதம் ஆகிறது என்றார்கள். பஞ்சாயத்து அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்து விளக்கைப் போட வைத்தார். சந்தைக்குப் போகும் பாதையில் சில பையன்கள் பைக்கை முறுக்கிப் பெண்களைப் பயமுறுத்துகிறார்கள் என்றார்கள். அந்தப் பையன்களின் வீட்டுக்குப் போகாமல், பாதையிலேயே ஒரு வாரம் நின்றார். அதற்குப் பிறகு ஊர் பேச ஆரம்பித்தது. வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினார். முதல் மாதம் முழுக்க அதில் ரோஜாப்பூவும் காலை வணக்கமும்தான் வந்தன. "இது ஆபத்துக்குள்ள குழு, பூவெல்லாம் வேண்டாம்" என்று குரல் செய்தி போட்டார். அதற்கும் நாற்பது பேர் பூ அனுப்பினார்கள்.

நடந்து நடந்து அவர் கண்டுபிடித்தது ஒன்று உண்டு. கைதவிளையில் பயப்பட வேண்டியது சந்து முனையில் நிற்பவனுக்கு இல்லை, பூட்டிய வீடுகளுக்கு. துபாய், தம்மாம், தோஹா என்று குடும்பத்தோடு போனவர்கள் கட்டிப் போட்ட வீடுகள். தேக்குக் கதவு, இரண்டு மாடி, உள்ளே ஆளில்லை. எண்ணிப் பார்த்தார்: இருபத்து மூன்று. ஒவ்வொரு வீட்டுக்கும் பக்கத்து வீட்டில் ஒருவரைப் பேசி, "காவலு கெடக்க வேண்டாம். புதுசா ஆளு வந்தா எனக்கொரு போன், அவ்வளவுதான்" என்று சொல்லி வைத்தார். வெளிநாட்டில் இருக்கும் உடமைக்காரரிடமும் போனில் சொல்லிவிடுவார்.

இருபத்து இரண்டு வீட்டுக்கு ஆள் கிடைத்தது. மீதி, ஷார்ஜாவில் மகன் அனஸோடு இருக்கும் மைதீன் கனியின் வீடு. அதன் ஒரு பக்கம் வயல், பின்பக்கம் குளம். இன்னொரு பக்கம் இருந்தது ஜுபைதா பீவியின் வீடு.

"அவுங்ககிட்ட மட்டும் கேக்காதீங்க ஏட்டம்மா" என்று ராஜகுமார் எச்சரித்தார். இரண்டு வீட்டு எல்லையிலும் வேரோடிய ஒரு வருக்கைப் பலா இருந்ததாம். ஜுபைதா பீவி கோட்டாற்றுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த இரண்டு நாளில் மைதீன் கனி அதை வெட்டி, மதில் எழுப்பிவிட்டார். பதினொரு வருடமாகப் பேச்சு இல்லை.

பெமிலா நேராக அங்கேதான் போனார். ஜுபைதா பீவிக்கு ஐம்பத்தெட்டு வயது. மகன் அமீன் தோஹாவில். மருமகள் சுமைராவோடு இருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் முகம் சுண்டியது.

"அந்த வீட்டுக்கு நான் காவலா? கதவோட பேத்துக்கிட்டுப் போவட்டு."

"காவலு வேண்டாம் உம்மா. அங்க ஆரெல்லாம் வந்து போறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமான்னுதான் கேட்டேன்."

"எனக்கென்ன தெரியும்? நான் அங்கோட்டுத் திரும்பியே பாக்கமாட்டேன்." பிறகு விரல் மடக்கி எண்ணினார். "தேங்கா வெட்டுறவன் நாப்பத்தஞ்சு நாளைக்கி ஒருக்க வருவான், போன தடவ மூணு நாளு பிந்திட்டான். கரண்டு பில்லுக்காரன் ரெண்டு மாசத்துக்கு ஒருக்க. மைதீன் கனிக்க மச்சான் பெருநாளுக்கு முந்தி வந்து சன்னலத் தெறந்து போட்டான், மேல் மாடியில ஒண்ண அடைக்க மறந்துட்டான். அது இன்னும் அடிச்சிக்கிட்டுக் கெடக்கு."

சுமைரா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பெமிலா சிரிக்கவில்லை. தன் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். "இந்த ஊருலயே அந்த வீட்ட இவ்வளவு நல்லாத் தெரிஞ்ச ஆளு நீங்கதான்."

"அவனுக்கு வேண்டி இல்ல கேட்டியா. நீ இவ்வளவு தூரம் நடந்து வந்ததுக்கு வேண்டி" என்று சொல்லி ஜுபைதா பீவி தாளை வாங்கிக்கொண்டார்.

ஷார்ஜாவுக்குப் போன் செய்தபோது மைதீன் கனி கொதித்தார். "அவளா? மேடம், அதுக்கு நீங்க கள்ளன்கிட்டயே சாவியக் குடுத்திருக்கலாம்!"

"சாவி ஒண்ணும் குடுக்கல்ல காக்கா. கண்ணு மட்டுந்தான்" என்றார் பெமிலா. அங்கே அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஆனி மாதம், ஒரு புதன்கிழமை. காலை பத்தரை மணி, சாரல் விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. பெமிலா ஏழு கிலோமீட்டர் தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில், போனில் வரும் மோசடி அழைப்புகளைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசிக்கொண்டிருந்தார். மைதீன் கனி வீட்டு முன்னால் ஒரு டெம்போ வந்து நின்றது. ஐந்து பேர் இறங்கினார்கள். வெள்ளைச் சட்டை போட்டவன் கையில் சாவி இருந்தது. கதவை மரியாதையாகத் திறந்தான். குளிர்சாதனப் பெட்டி வந்தது, ஏசி வந்தது, ஒரு தேக்கு ஊஞ்சல் பலகையும் சங்கிலியுமாக வந்தது. தெருவில் போன இருவர் விசாரித்தார்கள். வீடு மாற்றுகிறார்கள் என்றான். அனஸின் பெயரையும் சொன்னான். அவர்களும் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

மதிலுக்கு இந்தப் பக்கம் ஜுபைதா பீவி நின்றிருந்தார்.

"ஆரு மக்கா நீங்க?"

"அனஸ் தம்பி சென்னையில வீடு எடுத்தாச்சு உம்மா. சாமானெல்லாம் அங்க போவுது. மைதீன் கனி காக்காவுக்க உம்மாதான் இந்த ஊஞ்சலு கண்டிப்பா வேணும்னு சொன்னாவ."

மைதீன் கனியின் உம்மா இறந்து நான்கு வருடம் ஆகிறது. பகை பகையாக இருக்க, மய்யித்தைக் குளிப்பாட்டிய நான்கு பெண்களில் ஜுபைதா பீவியும் ஒருவர். அந்தத் தலைமாட்டில் நின்று தண்ணீர் ஊற்றியவரிடம் போய் இவன் உம்மா ஊஞ்சல் கேட்டதாகச் சொல்கிறான்.

"கேப்பாவ, கேப்பாவ. அவியளுக்கு ஊஞ்சலுன்னா உசுரு" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து போனை எடுத்தார்.

"ஏட்டம்மா, நான் ஜுபைதா. பட்டப்பகல்ல கள்ளன் வந்திருக்கான். லாரி கொண்டு வந்திருக்கான்."

பெமிலா பள்ளி வராந்தாவுக்கு ஓடி வந்து விவரம் கேட்டார். "உம்மா, நீங்க பக்கத்துல போவக்கூடாது. வண்டி நம்பர் மட்டும் சொல்லுங்க. ரோந்து வண்டிக்குச் சொல்லுதேன், நானும் வாறேன். இருபது நிமிசம்."

"இருபது நிமிசத்துல அவன் மார்த்தாண்டம் தாண்டுவான்" என்றார் ஜுபைதா பீவி. போனை மருமகளிடம் கொடுத்து நம்பரைச் சொல்லச் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தார்.

பக்கத்தில் போகக்கூடாது என்ற சொல்லை அவர் ஒரு விதத்தில் காப்பாற்றினார், மதிலைத் தாண்டவில்லை. ஐந்து தம்ளர் பாலில்லாத கட்டன்சாயாவையும் ஒரு தட்டு முறுக்கையும் மதில் மேல் வைத்தார். "மழையில நனையாதீங்க மக்கா. குடிச்சிட்டுத் தூக்குங்க. ஊஞ்சலு சங்கிலி தட்டி வண்டி கெட்டுப் போவும், சாக்கு தாறேன், சுத்துங்க." வெள்ளைச் சட்டைக்காரனுக்கு அவசரம். ஆனால் வேண்டாம் என்றால் சந்தேகம் வரும். குடித்தான். சாக்கு தேட ஜுபைதா பீவிக்குப் பத்து நிமிடம் ஆனது. கிடைத்த சாக்கில் ஓட்டை இருந்தது, வேறு தேடினார்.

இதற்குள் சுமைரா வண்டி நம்பரைக் குழுவில் போட்டிருந்தாள். அதைப் பார்த்த ராஜகுமார் தன் லோடு ஆட்டோவை ஊர் முக்கில் குறுக்கே நிறுத்தி, பழுதாகிவிட்டது போல அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். கைதவிளையிலிருந்து டெம்போ வெளியேற அந்த ஒரு வழிதான்.

ஸ்கூட்டரில் ஏறும் முன்னால் பெமிலா குழுவில் ஒரு குரல் செய்தி போட்டார். கள்ளனை விட ஊரை நினைத்துத்தான் அவருக்குப் பதற்றம். "ஆரும் கை வைக்கப்படாது. ஒரு அடி விழுந்தாலும் கேசு உங்க மேலதான். வழிய மட்டும் அடைச்சி வையுங்க."

அவர் வந்து சேர்ந்தபோது முக்கில் டெம்போ நின்றிருந்தது. சுற்றிலும் ஐம்பது பேர். ஒருவர் கையில் தென்னை மட்டை. வெள்ளைச் சட்டைக்காரனின் சட்டைக் காலரை ஒருவர் பற்றியிருந்தார். பெமிலா தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்து, அவனுக்கும் மட்டைக்கும் நடுவில் நின்றார்.

"பகவதியப்பன் அண்ணே, மட்டையக் கீழ போடுங்க."

"இவனயெல்லாம் சும்மா விடலாமா ஏட்டம்மா?"

"விடல்ல. நான் வந்துட்டேன்லா. இனி இது எனக்க வேல."

பகவதியப்பன் மட்டையைப் போட்டார். சட்டையைப் பற்றியிருந்த கையும் விட்டது. சற்று நேரத்தில் ரோந்து வண்டி வந்தது.

ஐந்து பேரில் மூன்று பேர் கூலிக்கு வந்தவர்கள். காலையில் சந்தை முக்கில் நின்றவர்களைச் சாமான் ஏற்ற வேண்டும் என்று கூட்டி வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் தேம்பித் தேம்பி அழுதார். பெமிலா அவர்களை விசாரித்து, வாக்குமூலம் எழுதி வாங்கி, அன்று மாலையே வீட்டுக்கு அனுப்ப வைத்தார். வெள்ளைச் சட்டைக்காரன் ஐந்து வருடம் முன்பு அந்த வீட்டில் ஏசி மாட்ட வந்தவன். அப்போது சாவிக்கு நகல் எடுத்து வைத்திருந்தான். ஊஞ்சலில் ஆடிக்கொண்டே சாயா கொடுத்த உம்மாவை அவனுக்கு நினைவிருந்தது. அவர் இறந்தது தெரியவில்லை. அவனும் டிரைவரும் சிறைக்குப் போனார்கள்.

இரண்டு நாள் கழித்து ஜுபைதா பீவி பெமிலாவைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒண்ணு சொல்லணும் மக்ளே. முதல்ல அந்தப் பிரிட்ஜத் தூக்குனப்ப, போவட்டுன்னுதான் நின்னேன். ரெண்டு நிமிசம் இருக்கும். மனசுக்கு நல்லாத்தான் இருந்திச்சி."

"பெறவு போன் பண்ணுனீங்க இல்லியா?"

"பண்ணுனேன்."

"ரிப்போர்ட்டுல நான் அதத்தான் எழுதியிருக்கேன்" என்றார் பெமிலா.

அடுத்த மாதம் மைதீன் கனி ஊருக்கு வந்தார். கையில் ஈச்சம்பழப் பெட்டியோடு ஜுபைதா பீவி வாசலில் நின்று, என்ன சொல்வதென்று தெரியாமல், "மேல் மாடி சன்னலு அடிக்குதாமே" என்றார். "மூணு மாசமா அடிக்குது" என்றார் அவர். அதிலிருந்து தொடங்கி, பதினொரு வருடத்துச் சண்டையை இருவரும் ஒரு மணி நேரம் வாய்விட்டுப் போட்டார்கள். தெருவே கேட்டது. முடிந்ததும் சுமைரா சோறு வைத்தாள். மைதீன் கனி இருந்து சாப்பிட்டார். இப்போது வாரம் ஒரு முறை ஷார்ஜாவிலிருந்து போன் வருகிறது. பாதி நேரம் சண்டைதான் என்கிறாள் சுமைரா.

மாவட்டக் காவல் அலுவலகத்தில் ஜுபைதா பீவிக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். பெமிலாவைக் கூப்பிட்ட இன்ஸ்பெக்டர், குற்றப்பிரிவில் ஒரு இடம் காலியாக இருக்கிறது, எழுதிக் கொடுத்தால் கிடைத்துவிடும் என்றார். பல வருடத்து ஆசை. பெமிலா ஒரு நாள் அவகாசம் கேட்டார்.

வீட்டில் வினோஜிடம் சொன்னபோது அவர் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே, "போவணும்னா போ. உனக்க விருப்பந்தான்" என்றார்.

"கள்ளனப் பிடிக்க அங்க நெறய பேரு இருக்காவ" என்றார் பெமிலா. "கைதவிளையில நான் பேரு சொல்லிக் கூப்பிட நானூறு வீடு இருக்கு. இப்ப வேண்டாம்னு தோணுது."

மறுநாள் இன்ஸ்பெக்டரிடம், இன்னும் இரண்டு வருடம் கைதவிளையிலேயே இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தார். அவர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. பெமிலா ஸ்கூட்டரை எடுத்தார். பதினொரு மணிக்குக் குளத்தங்கரையில் பெண்கள் சுய உதவிக் குழுக் கூட்டம். போகும் வழியில், அந்தக் குழுவில் இருக்கும் இர்ஷாதா வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீனும் இருக்கிறது என்று சொல்லிவிட்டிருந்தார்கள். சாப்பிட்டுவிட்டுப் போகவும் நேரம் இருந்தது.