மூக்கக்கா போட்ட சிவப்புச் சுழி

மூட்டையின் வாயைப் பிரித்ததும் மூக்கக்கா சர்க்கரையைப் பார்க்க மாட்டார். எதிரே கோணி ஊசியோடு உட்கார்ந்திருக்கும் தையலம்மாவின் முகத்தைத்தான் பார்ப்பார். “என்ன தையலம்மா, முட்டிவலி எப்படி இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே மூட்டையை அந்த அம்மா பக்கம் ஒரு சாண் நகர்த்துவார். “அது என்னை விட்டு எங்கக்கா போகப்போகுது” என்று அந்த அம்மா அலுத்துக்கொள்வார். அதற்குப் பிறகுதான் மூக்கக்கா குனிந்து, கண்ணை மூடி, சர்க்கரைக்கு மேல் நீளமாக ஒரு மூச்சு இழுப்பார். கிடங்கே கைவேலையை நிறுத்திவிட்டு அவர் கண் திறக்கக் காத்திருக்கும். சரக்கு சரியென்றால் சிவப்புச் சுண்ணக்கட்டியால் சாக்கின் மேல் ஒரு சுழி. சுழி விழுந்த மூட்டை கப்பலுக்குப் போகும். விழாதது வந்த வழியே திரும்பும். அப்பீல் கிடையாது.

மூட்டையில் இருப்பது தென்னஞ்சர்க்கரை. தென்னம்பாளையைச் சீவி, வடிகிற பதநீரை வற்றக் காய்ச்சி, கிளறி உதிர்த்த பழுப்புச் சர்க்கரை. ‘இயற்கை இனிப்பு’ என்று பச்சை எழுத்தில் அச்சடித்த பையில் ஏறி, இனிமேல் சர்க்கரையே தொடமாட்டேன் என்று சபதம் எடுத்தவர்கள் வீட்டுக்கு ராஜமரியாதையோடு போய்ச் சேரும். “இதுவும் சர்க்கரைதானே அக்கா?” என்று ஒருமுறை கேட்டுவைத்தேன்.

“பின்ன, உப்பா? அளவாத் தின்னா இனிப்பு, அள்ளித் தின்னா வியாதி. பச்சை எழுத்துல போட்டுட்டா அது கீரை ஆயிடுமா?”

அவர் வீட்டு டப்பாவில் இருப்பது சாதாரண வெள்ளைச் சீனி. நாம் பார்க்கிற சாமான் வேறு, தின்கிற சாமான் வேறு என்பது அவர் கணக்கு.

முகர்ந்து முடித்ததும் காதுக்கு வேலை. ஒரு சிட்டிகையைக் காதோரம் வைத்து இரண்டு விரலால் நசுக்குவார். “நல்ல சரக்கு சத்தம் போடாம பொடியும். கரும்புச் சீனியைப் பழுப்பாக்கிக் கலந்திருந்தா நறநறங்கும்.” பிறகு முன்பல்லில் வைத்து ஒரு கடி, உடனே ஒரு துப்பு. இந்தக் காது வித்தையும் பல் வித்தையும் இரண்டு வருடத்துக்கு முன்னால் இல்லை என்று மூட்டை தூக்கும் லோடுமேன் சொல்வார். “வயசாக வயசாக அக்காவுக்கு வித்தை கூடிட்டே போகுது” என்பது அவர் அபிப்பிராயம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. மூக்குக்கண்ணாடியின் ஒரு காம்பு உடைந்து நூலால் கட்டியிருக்கும். பவுடர் கிடையாது. வாசனைச் சோப்பு கிடையாது. துணி துவைக்கும் சோப்புக்கட்டியைக்கூடக் கடையில் முகர்ந்து பார்த்து, வாசனை இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். காலையில் வெங்காயம் தொடமாட்டார். எல்லாம் தொழிலுக்காக. கணவர் வெளியூர் பஸ் ஓட்டுகிறார், இரண்டு நாளுக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். நான் அதே வீட்டின் மாடியில் குடியிருக்கிறேன், எழுத விஷயம் தேடி அடிக்கடி கிடங்குக்கும் போய் உட்காருவேன். பத்திரிகைக்கு எழுதுகிறவள் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு அவர் வைத்த பெயர் ‘எழுத்தம்மா’. அதில் மரியாதை கால்வாசி, கிண்டல் முக்கால்வாசி.

அந்தச் சுழிக்கு இருந்த மதிப்பைச் சொல்லியாக வேண்டும். முன்பு ஒருதரம் மூக்கக்கா காய்ச்சலில் படுத்திருந்தபோது கலப்படச் சரக்கு ஒன்று கப்பலேறி, அக்கரையிலிருந்து அப்படியே திரும்பி வந்தது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் இந்தக் கிடங்கின் வாசலையே மிதிக்க மாட்டேன் என்று வாங்குகிறவர் எழுதிவிட்டார். இந்தக் கிடங்கு ஒன்றை நம்பித்தான் அறுபது குடும்பங்கள் மரம் ஏறுகின்றன. அதனால் அக்காவின் சுழி இல்லாமல் ஒரு மூட்டைகூட நகரக்கூடாது என்பது முதலாளியின் உத்தரவு.

போன வியாழக்கிழமை காலை பால் வாங்கப் படியிறங்கினேன். பாதிப் படியிலேயே மூக்கில் அறைந்தது. கேஸ். கீழ் வீட்டுக் கதவு எப்போதும்போல வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளினேன். குளித்துவிட்டு ஈரத்தலையில் துண்டோடு மூக்கக்கா அடுப்பின் முன்னால் நின்றிருந்தார். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்திருந்தது. திருகு திறந்தபடியே கிடந்தது. அவர் கையில் லைட்டர்.

“அக்கா! கைய எடுங்க!”

நான் போட்ட சத்தத்தில் லைட்டர் கீழே விழுந்தது. சிலிண்டரை மூடினேன், ஜன்னலை எல்லாம் திறந்தேன், அவர் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துவந்தேன். அவரோ, “என்ன எழுத்தம்மா, பாம்பா?” என்று என் காலடியைப் பார்த்தார்.

“கேஸ், அக்கா! வீடு பூரா நாறுது! இன்னொரு நொடி ஆகியிருந்தா நீங்களும் இல்ல, நானும் இல்ல. உங்களுக்கு அடிக்கலையா?”

மூக்கக்கா வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு தடவை மூச்சை இழுத்துப் பார்த்தார். நான் நூறு முறை பார்த்த அதே மூச்சுதான். மூட்டைக்கு மேலே கண்ணை மூடி இழுப்பாரே, அது.

“இவ்வளவு பக்கத்துலயும் தெரியலையே” என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

ஒன்றரை வருடமாம். “காய்ச்சல் வந்துச்சுல்ல, அது போகும்போது மூக்கையும் கூட்டிட்டுப் போயிருச்சு. நாக்குல இனிப்பு மட்டும் தெரியும். எந்தச் சர்க்கரையைப் போட்டாலும் ஒரே இனிப்பு.” வாசனை திரும்பி வரும் என்றாராம் டாக்டர், வரவில்லை. கணவருக்குக்கூடத் தெரியாது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர் ஒரு கிடங்கு ஆட்கள் முன்னால், முகர்கிற வேலையிலேயே இருந்துகொண்டு, மூக்கை மறைத்திருக்கிறார். வாசனைச் சோப்பைத் திருப்பிக் கொடுத்ததெல்லாம்? போன மாதம்கூடக் கடைக்காரரிடம் அதற்குச் சண்டை போட்டாரே! கோபம்தான் முதலில் வந்தது எனக்கு.

“அப்ப கிடங்குல எப்படி அக்கா?”

“கலப்படத்துக்குக் காதும் பல்லும் போதும், அது தப்பாது. வாசனைக்கு…” கொஞ்சம் தயங்கினார். “தையலம்மா மூஞ்சி இருக்குல்ல. அவங்களுக்கு ஒண்ணும் மறைக்கத் தெரியாது. கருகல்னா புருவம் சுருங்கும். பூஞ்சைன்னா உதட்டைக் கோணுவாங்க. நல்ல சரக்குன்னா எச்சில் முழுங்குவாங்க. அதைப் பாத்துட்டுத்தான் நான் குனிவேன்.”

முட்டிவலி விசாரணை எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. தையலம்மாவுக்கே தெரியாமல் தையலம்மாவின் மூக்கை இரவல் வாங்கியிருக்கிறார்! இதை வியப்பதா, வைவதா என்று தெரியாமல் நின்றேன். அவர் பார்வை மட்டும் திறந்த ஜன்னல் வழியாக அடுப்பின் மேலேயே இருந்தது.

“பெரிய நாத்தம்னா எப்படியும் தெரியும்னு நெனச்சிருந்தேன், எழுத்தம்மா. கொஞ்சமாவது மிச்சம் இருக்கும்னு நெனச்சேன்.” சட்டென்று எழுந்தார். “தையலம்மா திங்கக்கிழமையிலிருந்து லீவு. மக பிரசவம். மூணு நாளா நானாத்தான் பாத்தேன். நூத்தி நாப்பது மூட்டை. எல்லாத்துக்கும் சுழி போட்டுட்டேன்.”

லாரி ஒன்பது மணிக்கு.

தலையில் கட்டிய துண்டோடு ஓட்டமும் நடையுமாகப் போனார். நான் பின்னால். கிடங்கு வாசலில் லாரி நின்றிருந்தது, பாதி ஏற்றியாகிவிட்டது. “நிறுத்துங்க!” என்று இவர் போட்ட சத்தத்தில் லோடுமேன் முதுகு மூட்டையோடு திரும்பினார். மூக்கக்கா என் தோளைப் பிடித்து அடுக்கின் முன்னால் தள்ளினார். “மோந்து பாரு. ஒவ்வொண்ணா.”

முதல் வரிசை நன்றாக இருந்தது. காய்ச்சிய பதநீரின் மணம், வாயில் எச்சில் ஊறியது. இரண்டாவது வரிசையும் அப்படியே. சுவரோரம் அடுக்கியிருந்த மூட்டைகள் பக்கம் போனேன். பிரிக்கவே வேண்டியிருக்கவில்லை. டீசல். பன்னிரண்டு மூட்டைகள், பன்னிரண்டிலும் டீசல். ஒவ்வொன்றின் மேலும் அழகாக ஒரு சிவப்புச் சுழி. “அக்கா, டீசல் வாடை!” என்றேன்.

“ஆமாக்கா, வந்த வண்டியில டீசல் கேனும் கூடவே வந்துச்சு” என்றார் லோடுமேன். “சர்க்கரை எதைக் கண்டாலும் இழுத்துக்குமே. எனக்கும் அன்னைக்கே அடிச்சுது.”

“அடிச்சுதா? ஏன் சொல்லல?”

லோடுமேன் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “அக்காவே மோந்து பாத்துட்டு சுழி போட்டாங்க. அதுக்கு மேல எனக்கு என்ன தெரியும்? என் மூக்குலதான் கோளாறுன்னு நெனச்சுக்கிட்டேன்.” சர்க்கரை சலிக்கிற பெண்கள் இரண்டு பேர் பின்னாலிருந்து தலையாட்டினார்கள். அவர்களுக்கும் அடித்திருக்கிறது. மூன்று பேருக்கு மூக்கு நன்றாக வேலை செய்திருக்கிறது. மூன்று பேரும் மூக்கே இல்லாத ஒருவரை நம்பி, தங்கள் மூக்கைச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள்.

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். குனிந்து ஒரு மூட்டையை முகர்ந்ததும் முகம் மாறியது. லோடுமேன் பக்கம் பாய்ந்தார். “இதை ஏத்தப் பாத்தியா? உன் மூக்கு என்ன அடகுலயா இருக்கு? அறுபது குடும்பத்துச் சோத்துல மண்ணைப் போட இருந்தியே!” லோடுமேன் தலையைக் குனிந்துகொண்டார். முதலாளி எங்கள் பக்கம் திரும்பிக் கும்பிடாத குறையாகச் சொன்னார்: “நல்லவேளை, அக்கா. வீட்டுல இருந்துக்கிட்டே எப்படித்தான் உங்களுக்குப் பட்டுச்சோ! அதான் மூக்கக்காங்கிறது!”

பெண்கள் சிரித்தார்கள். லோடுமேன்கூட, திட்டு வாங்கிய முகத்தோடு, ஆமாம் என்று தலையை ஆட்டினார். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அடுத்த வாரம் தையலம்மா வந்துவிடுவார். எல்லாம் பழையபடி நடக்கும். உள்ளதைச் சொல்கிறேன், பேசாமல் இருந்துவிடுங்கள் அக்கா என்று என் மனமும்தான் ஒரு கணம் கெஞ்சியது.

மூக்கக்கா தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். டீசல் மூட்டை ஒன்றைப் பிரித்து ஒரு பிடி அள்ளினார். முதல் வரிசை மூட்டையிலிருந்து இன்னொரு கையில் ஒரு பிடி. இரண்டையும் மூக்குக்கு ஒட்டக் கொண்டுபோய், முதலில் இந்தக் கை, பிறகு அந்தக் கை, எப்போதும்போல நீளமாக மூச்சை இழுத்தார். கிடங்கு வழக்கம்போல வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தது.

“அவனைத் திட்டாதீங்க முதலாளி. அவன் மூக்கு நல்லாத்தான் இருக்கு” என்றார். “இதுல எது நாறுதுன்னு நீங்க சொல்லுங்க.”

கண்ணைத் திறக்காமலே இரண்டு கைகளையும் முதலாளியின் முகத்துக்கு நேரே நீட்டினார்.