ஈக்குப் பந்தி வைத்த ஞாயிறு

கரையில் ஒதுங்கிக் கிடக்கும் கடற்பாசிக் குவியலில் அதிகாலையில் வெறுங்காலை வைத்தால் மேலே சில்லென்றிருக்கும், உள்ளே வெதுவெதுவென்றிருக்கும். அடுத்த நொடி காலைச் சுற்றிக் கரும்புகைபோல் ஒன்று எழுந்து, முழங்கால்வரை கூசக் கூச ஏறி, மறுபடி பாசியிலேயே படிந்துவிடும். அதை நாங்கள் "பாசி ஈ" என்போம். வீட்டுக்குள் வராது, கடிக்காது, அலை வாரிக்கொண்டு போனாலும் நனையாமல் நுரைமேல் மிதந்து திரும்ப வந்து உட்காரும். எழுபதுகளில் தூத்துக்குடிக் கடற்கரைத் தெருவில் வளர்ந்த எனக்கு எல்லா ஈயையும் ஒரே ஈயாகப் பார்க்க வராது. ஈ என்றதும் முகம் சுளிக்கிறவர்களைக் கண்டால் இன்றும் கோபம்தான் வருகிறது.

வீட்டுக்குள் வருவது "பச்சை ஈ". மயில்கழுத்து நிறத்தில் மினுங்கும். என் அப்பா சங்கு குளிக்கப் போகிறவர். எடுத்த சங்குகளை எங்கள் தெருமுனையில் சுற்றுச்சுவர் வைத்த ஒரு வளவில் குவித்து அழுகவிடுவார்கள். உள்ளிருக்கும் சதையைக் கத்தியால் குடைந்தால் சங்கில் கீறல் விழும் என்று அந்த வேலையைப் பச்சை ஈயிடம் விட்டிருந்தார்கள். அது முட்டையிட்டுப் போக, புழுக்கள் சதையைத் தின்று தீர்க்கும். ஈ மொய்ப்பது நின்றால் சங்கைக் கழுவலாம் என்று பொருள். "நம்ம கூலியாளுல்லா அது. சாப்பாடு போட்டா போதும், வேற ஒண்ணும் கேக்காது" என்பார் அப்பா. "சலாபம்" என்று பெரியவர்கள் சொல்லும் முத்துக்குளிப்புக் காலத்தில் சிப்பிகளையும் இப்படித்தான் ஈக்கு விட்டார்களாம். அதை நான் பார்த்ததில்லை.

அந்தக் கூலியாள்தான் லூர்து அத்தையின் கல்யாணத்தைக் கெடுத்தது. அத்தை அப்பாவின் தங்கை, எங்களோடு இருந்தாள். பாளையங்கோட்டையில் குடியேறிவிட்ட உறவுக்காரர்கள் அவளைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் காப்பியில் ஒரு பச்சை ஈ விழுந்தது. சொல்லியனுப்புகிறோம் என்று கிளம்பியவர்கள் சொல்லியனுப்பவே இல்லை. அதற்குப் பிறகு அத்தை, சோற்றுத் தட்டில் ஈ உட்கார்ந்தால்கூட விரட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அழுகை வரும்.

அடுத்த மாசியில் திருச்செந்தூருக்குப் பக்கத்திலுள்ள ஆலந்தலையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. சாம்பல் புதன் வந்துவிட்டால் தவக்காலம், கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கமாட்டார்கள். பாஸ்கா என்கிற ஈஸ்டர் முடிவதற்குள் மாப்பிள்ளை கப்பலேறிவிடுவார். ஆக அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். இதுவும் தட்டிப்போனால் அத்தை கன்னியர் மடத்தில் சேர்ந்துவிடப் போவதாக அம்மாவிடம் சொன்னதை நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு வீட்டில் விசேஷம் என்றால் அன்று யாரும் மீன்கழிவைக் கொல்லையில் கொட்டமாட்டார்கள். குடல், செவுள் எல்லாவற்றையும் ஒரே ஓலைக்கடகத்தில் சேர்த்துக் கரையில் கொண்டுபோய் வைப்பார்கள். தெரு ஈ முழுக்க அங்கே போய்விடும். அதற்கு "ஈக்குப் பந்தி" என்று பெயர். அப்பா அழுகிய சங்குச் சதையையும் ஒரு வாளி கொண்டுவந்து அதன்மேல் கொட்டினார். கோயிலில் காலைப் பூசை முடிவதற்குள் வீட்டில் ஓர் ஈ இல்லை. கடகத்தை நாய் இழுக்காமல் பார்த்துக்கொள்ள என்னை நிறுத்திவிட்டு, அப்பா விருந்தாளிகளை அழைத்து வரப் பேருந்து நிலையத்துக்குப் போனார்.

அவர்கள் பேருந்தில் வரவில்லை. திருச்செந்தூரில் மாசித் திருவிழாக் கூட்டம்; பேருந்தில் கால்வைக்க இடமில்லை என்று விடியுமுன்பே சொந்த வள்ளத்தில் பாய் விரித்துப் புறப்பட்டிருக்கிறார்கள். கடல்வழியாக யாராவது வருவார்கள் என்று, கடலை நம்பிப் பிழைத்த எங்கள் தெருவில் ஒருவருக்கும் தோன்றவில்லை! வள்ளம் நேராகக் கடகத்துக்குப் பக்கத்தில் வந்து முட்டியது. வெள்ளைச் சேலையில் ஓர் அம்மா இறங்கினார். அலையில் கால் இடறி அவர் கடகத்தைப் பிடித்துக்கொண்டதும் பந்தி கலைந்தது. ஈ மொய்த்து வெள்ளைச் சேலை பச்சையாகிப்போனது.

நான் வீட்டுக்கு ஓடினேன். "அத்தே, அவ்வொ வந்துட்டாவ! ஈக்குள்ள நிக்காவ!"

பட்டுச்சேலையும் பூவுமாக உட்கார்ந்திருந்த அத்தை எழுந்து கரைக்கு ஓடினாள். விருந்தாளிகளை ஏறிட்டும் பாராமல் கடகத்தின் ஒரு காதைப் பிடித்துக் கடலுக்குள் இழுத்தாள். அது அசையவில்லை. வள்ளத்திலிருந்து இறங்கி நின்ற ஓர் ஆள் சட்டென்று மறு காதைப் பிடித்தார். இடுப்பளவுத் தண்ணீரில் இருவரும் கடகத்தைக் கவிழ்த்துவிட்டு, வாயிலும் மூக்கிலும் ஈ போகாமல் தலையை முக்கி எழுந்து, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவர்தான் மாப்பிள்ளை என்று எனக்கு அப்போது தெரியாது.

அப்பா வெறுங்கையோடு திரும்பி வந்தபோது கூடத்தில் மாப்பிள்ளை சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார். அப்பா கைகூப்பினார். மாப்பிள்ளையின் தாயான அந்த வெள்ளைச் சேலை அம்மா காப்பியை ஆற்றியபடி சொன்னார்: "ஈ எங்க ஊர்லயுந்தான் இருக்கு. என்ன, அங்கன அதுவா வரும். இங்கன நீங்க வெத்தல பாக்கு வச்சு அழைச்சிருக்கிய."

அன்றே பேசி முடித்தார்கள். மாமா கப்பலிலிருந்து திரும்பியதும் கல்யாணம் நடந்தது.

இப்போது அந்த வளவு இருந்த இடத்தில் வீடுகள். கரை நெடுகக் கல்லைக் கொட்டியிருக்கிறார்கள். பாசி ஒதுங்க மணல் இல்லை, பாசி ஈயைப் பார்த்துப் பல வருடமாகிறது. போன வருடம் மாமாவும் போய்விட்டார். ஆலந்தலையில் அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு நான் அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்னாள்:

"அன்னைக்கு அவ்வொ பஸ்ஸுல வந்திருந்தா, நான் குனிஞ்ச தல நிமிராம காப்பியக் குடுத்துட்டு உள்ள போயிருப்பேன். அவரு என் வகிட்டத்தாம்ளா பாத்திருப்பாரு. கடலுக்குள்ள நின்னதுனால மூஞ்சியப் பாத்துக்கிட்டோம்."